அடைத்த பொட்டு

கெல்வின் நேசராஜா. வயது இருபத்தாறு. இருப்பது கட்டாரில், ஆறு பேர் படுக்கும் அறையொன்றில். சித்திரையில் மூன்று கிழமை லீவு கிடைத்து சொந்த ஊரான அரியாலைக்குப் போனபோது அப்பா படுக்கையோடு கிடந்தார். ஈரலில் வந்த நோய். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அப்பா நேசராஜா பதினொரு வருடமாகத் திருவிருந்து எடுத்ததில்லை. ஞாயிறு தவறாமல் மெதடிஸ்த கோயிலுக்குப் போவார். அப்பமும் ரசமும் கொடுக்கும்போது எல்லோரும் எழுந்து முன்னே போக, இவர் மட்டும் மர வாங்கில் தலை குனிந்து இருப்பார். உடன்பிறந்தவனோடு பகை வைத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போகக்கூடாது என்பதில் நேர்மையான மனிதர். பகையை விடத்தான் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு வளவு அவருடைய தம்பி அருள்நேசனுடையது. வேலி அடைத்தபோது ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டான் என்று சொல்லி, அண்ணன் கோயில் வாசலில் வைத்தே தம்பியைக் கள்ளன் என்றார். இரண்டு வீட்டாரும் குனிந்து போய்வந்த சின்ன இடைவெளியான வேலிப் பொட்டையும் அன்றே கதியால் தடிகள் நட்டு அடைத்தார்.

வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவருவதாகப் போதகர் சொன்னார்.

"அவன் வந்து என்ரை கையைப் பிடிக்கட்டும் ஐயா. பிறகு தாங்கோ," என்றார் அப்பா. குரலில் பாதி காற்று.

சனிக்கிழமை கெல்வின் றோட்டால் சுற்றிச் சித்தப்பாவிடம் போனான். அவர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஓ, கட்டார் துரை! இப்பதான் வழி தெரிஞ்சதோ?"

"சித்தப்பா, அப்பா கனநாளைக்கு இல்லை."

"கொப்பர் கூப்பிட்டவரோ?"

கெல்வின் வேலிப் பக்கம் பார்த்தான்.

"பொட்டை அடைச்சது அவர். அது திறபடட்டும், அதாலை வாறன். றோட்டாலை விருந்தாளி மாதிரி வரமாட்டன்." முகத்தைச் சங்கிலிப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்: "ஏதும் சாப்பிடுறாரோ?"

அந்த ஒரு கேள்வியில் கெல்வினுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

செய்கிற நன்மையைச் சொல்லிக்கொண்டு செய்யக்கூடாது என்று அவனை வளர்த்தவர் அப்பா. அதனால் அப்பாவிடமும் அவன் சொல்லவில்லை. ஞாயிறு விடிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு போனான். பதினொரு வருடத்தில் கதியால்கள் வேர்விட்டு மரமாகியிருந்தன. மூன்றை வெட்டிச் சாய்த்தான். ஓர் ஆள் குனிந்து வருமளவுக்கு இடம் விட்டது.

வேலிக்கு அப்பால் சித்தப்பா நின்றார். வெள்ளை வேட்டி, தண்ணீர் தொட்டு வாரிய தலை. ஒரு காலைப் பொட்டுக்குள் வைத்துவிட்டார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. எங்கிருந்து அவ்வளவு மூச்சு வந்ததோ தெரியாது.

"ஆரடா வேலி வெட்டுறது? டேய் அருள்நேசன்! நான் சாகமுந்தியே மிச்சத்தையும் விழுங்கப் பாக்கிறியோ? நீ உருப்படமாட்டாய்! என்ரை செத்தவீட்டுக்கும் நீ படலை மிதிக்கக்கூடாது!"

சித்தப்பா காலை எடுத்துக்கொண்டார்.

"காணும் மோனை, இனிப் போதும்," என்றார்.

கெல்வின் கத்தியோடேயே உள்ளே ஓடினான்.

"அப்பா, வெட்டினது நான். சித்தப்பா வாறதுக்குத்தான் வெட்டினனான்."

அப்பா அவன் கன்னத்தைத் தடவினார். "உனக்குக் கொம்மாவின்ரை இளகின மனசு. உவனுக்காகப் பொய் சொல்லாதை, பாவம்."

"ஓமப்பா, பிள்ளைதான் வெட்டினவன். நான் கண்டனான்," என்று அம்மா வினிபிரட் அழுதாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து உவனை நல்லவனாக்கப் பாக்கிறியள்."

ஆராதனை முடிந்து போதகர் வந்தார். அப்பா வாயைத் திறக்கவில்லை. கொண்டுவந்த சின்னக் கிண்ணத்தைப் போதகர் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை சித்தப்பா பொட்டை அடைத்தார், இந்தமுறை தன் பக்கத்திலிருந்து. புதன்கிழமை கெல்வின் விமானம் ஏறினான். இப்போது வேலை முடிந்து வந்ததும் போன் எடுக்கிறான். அம்மா போனை அப்பாவின் காதடியில் வைக்கிறாள். "நான்தான் அப்பா வெட்டினது," என்கிறான். மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்கிறது. அதுவும் குறைந்துகொண்டு வருகிறது.

இதை வாசிக்கிற சொந்தக்காரர் யாராக இருந்தாலும், அரியாலைப் பக்கம் போனால், அப்பாவின் கட்டிலடியில் கொஞ்சநேரம் இருந்து, வேலியை வெட்டியது கெல்வின்தான் என்று சொல்லிவிடுங்கள்.