தண்ணீர் குடிக்கும் இடம்

"கொஞ்சம் சட்டுனு ஓடவுடும்மா, பாடை ரெடியாயிக்கினு இருக்குது" என்றார் சங்கத்துக் கண்ணாயிரம்.

அப்பாவின் பேச்சை அவர் வாசிப்பதற்காக, தேவிப்ரியா டேப்லெட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றாள். வேகத்தைக் கூட்டவில்லை. திரையில் எழுத்துகள் பாரவண்டி மாதிரி மெல்ல ஏறின. அது அப்பாவின் மூச்சுக்கு அளந்து வைத்த வேகம்.

அப்பா பொன்னுரங்கம் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். நாளைக்கு எலவனாசூர்கோட்டைக் கூட்டத்தில் பேச வேண்டியவர். எண்பத்தேழாம் வருஷ மறியலில் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் முழங்கிய மனுஷன்தான். பக்கவாதம் வந்தபிறகு பாதிப் பேச்சில் வார்த்தை தொலைந்துவிடும். இடஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடு பிடித்ததும் சங்கத்தில் கூப்பிட்டார்கள். மேடை என்றால் விடுவாரா? அவர் துண்டு துண்டாகச் சொன்னதை அவள் கோத்து, மகனின் ஆன்லைன் க்ளாஸ் டேப்பில் பெரிய எழுத்தில், மூச்சுக்கு ஒரு வரியாக அடித்தாள்.

ஒத்திகையில் ஒரு நாளாவது முடித்தாரா? மறியலில் செத்துப்போன சிநேகிதன் செல்லமுத்துவின் பேர் வந்தால் நிறுத்திவிடுவார். தண்ணீர் குடிப்பார். "மீதிய மேடையில பாத்துக்கலாம் பாப்பா" என்று எழுந்துவிடுவார். அந்த மீதியை அவருடைய மேடைக் குரலில் ஒரே ஒரு தடவை கேட்டுவிட அவள் அப்படி ஏங்கினாள். நேற்றும் கெஞ்சினாள். "நாளன்னிக்கி கேக்கத்தான போற" என்றார். விடிவதற்குள் போய்விட்டார், பாவி மனுஷன்.

எடுப்பதற்கு முன் அந்தப் பேச்சைப் படித்தே ஆகவேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள்.

கண்ணாயிரம் குரலை உயர்த்தினார். "செல்லமுத்து என் தோள்மேலதான் சாஞ்சான். அப்பா, இங்க தண்ணி குடிங்க."

அது அப்பாவுக்காக அவள் அடித்து வைத்த வரி. யாரும் சிரிக்கவில்லை.

"தெரியாம படிச்சிட்டேம்மா" என்றார் கண்ணாயிரம்.

அவள் வழக்கம்போல அந்த இடத்தில் விரல் வைத்துத் திரையை நிறுத்தினாள். "பொட்டியத் தொறங்க."

"இன்னாத்துக்கு இப்ப? நேரமாவுது."

"தண்ணி குடிச்சிட்டுத்தான் மீதியப் பேசுவாரு."

மூடியைத் தூக்கினார்கள். அப்பாவின் டம்ளரிலிருந்து அவர் உதட்டில் கொஞ்சம் விட்டு, வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். கண்ணாயிரம் படிக்க வாயெடுத்தார். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, டேப்பை அப்பாவின் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்து, விரலை எடுத்தாள்.

மீதி வரிகள் மூச்சுக்கு ஒன்றாக மேலே ஏறின. பாடை கட்டியவர்கள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அது முடியட்டும் என்று நின்றார்கள்.