எதிர்ப்பக்கத்து ஆஸ்பத்திரி

அப்பாவைத் தூக்கியபோது வெயில் அடித்ததா, மேகம் மூடியிருந்ததா என்று கேட்டால் இப்போது யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதைச் சொல்வதிலேயே முன்பின் பிசகியிருக்கலாம். ஆனால் தூக்கியவர்கள் மெயின் ரோட்டு விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள் என்பதிலும், எல்லோரும் மகனின் முகத்தைப் பார்த்தார்கள் என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை.

பாடையின் முன்கம்பு அவன் தோளில் இருந்தது. அந்தத் தெருவில் அவனுக்குப் பெயரே இன்ஜினியர்தான். எதிரே கிடந்த ஆறு வழிச் சாலை அவன் முன்னின்று போட்டது. அதன் நடுவே இடுப்புயரத்துக்குக் கான்கிரீட் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மயானம்.

“என்ன தம்பி பண்றது? பாலம் வரைக்கும் போய் சுத்தி வந்தா இருட்டிடும்” என்றார் பக்கத்துக் கடை வெல்டர்.

“தாண்டிப் போயிடலாம்ணே. ஆபீசரே கூட வர்றாரு, ஃபைன் போட்டா அவரு பேர்லயே போட்டுக்கட்டும்” என்றான் பின்னால் ஒருவன். ஒன்றிரண்டு பேர் சிரிக்கப் பார்த்து, இடம் நினைவு வந்து அடக்கிக்கொண்டார்கள்.

அவன் கம்பைத் தோளில் சரியாக நகர்த்தி வைத்துக்கொண்டான். பக்கத்துக் கம்பைத் தாங்கியிருந்த அத்தான் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடி அந்த இடத்தில் கார் ஷோரூம் வந்தபோது, மாமனாரின் மாவு மில்லில் வந்து நின்றுகொண்டார். பிறகு வீட்டில் பால் பொங்கினாலும் பைப் ஒழுகினாலும் பழி அவர் தலையில்தான் விடியும்.

முந்தின நாள் காலை ஃபோன் செய்தவரும் அவர்தான். இன்ஜினியர் வேறொரு சாலையில், தார் கொட்டும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“மாப்ள, மாமா மெஷின் பக்கத்துலயே சாஞ்சுட்டாரு. நெஞ்சு வலிக்குதுங்கறாரு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், பாலத்தைச் சுத்தித்தான் வரணுமாம். இங்க ஆளுங்க இருக்காங்க. பெஞ்சோட தூக்கி, சுவத்தைத் தாண்டிக் கொண்டுபோயிடவா?”

“வேணாம் அத்தான். குறுக்கே தாண்டாதீங்க. வர்ற வேகத்துல எல்லாரையும் அடிச்சுட்டுப் போயிடுவான். அசைக்காம வைங்க, வண்டி வரட்டும்.”

“மாமாவுக்கு இன்னும் பேச்சு இருக்கு மாப்ள. இப்பவே போயிட்டோம்னா…”

“சொன்னாக் கேளுங்க அத்தான்.”

யோசித்துச் சொன்னதல்ல. குறுக்கே தாண்டாதீர்கள் என்று அவன் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறான், பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான், அதே வார்த்தைகளைப் பலகையில் எழுதி நட்டிருக்கிறான். அது நாக்கின் நுனியிலேயே இருந்தது. பெற்றவருக்கு என்று தனியாக ஒரு பதில் அவனிடம் இருக்கவில்லை.

ஃபோனை வைத்ததும் ஆஸ்பத்திரிக்குப் பேசினான். அக்கா அங்கே நர்ஸ். அவள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். எதிரே, சாலைக்கு அந்தப்புறம், அப்பாவின் கடை தெரிந்தது. கடை வாசலில் கூட்டம் தெரிந்தது. ஆம்புலன்ஸ் கடைக்கு வந்து, திரும்பவும் பாலத்தைச் சுற்றி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குச் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

அந்தச் சுவரில் மாவு மில்லுக்கு நேரே முதலில் ஒரு வழி விட்டிருந்தார்கள். வண்டியில் குறுக்கே திரும்பிய இரண்டு பையன்கள் அங்கே செத்ததும் இன்ஜினியர்தான் நின்று அடைத்தான். எதிர்ப்பக்கத்துப் பெண்கள் அரிசியையும் கோதுமையையும் சுமந்துகொண்டு மில்லுக்கு வருவது அதோடு நின்றது. எப்படியும் நின்றிருக்கும், எல்லோரும் பாக்கெட் மாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “மூடணும்னா மூடுப்பா. எனக்காக ஒரு ஓட்டை வெச்சா ஊரு சிரிக்கும்” என்றார். தலையிலும் புருவத்திலும் மாவு படிய வாசலில் நின்று, அரைக்க வந்தவர்களிடமெல்லாம் சாலையைக் காட்டுவார். “என் பையன் போட்டது. தண்ணி நிக்குதா பாரு.”

சாலை வந்ததால்தான் அந்த ஆஸ்பத்திரியும் வந்தது. அக்காவுக்கு அங்கே வேலையும் கிடைத்தது. பழைய குண்டும் குழியுமான ரோடாக இருந்திருந்தால் எதிரே ஆஸ்பத்திரியே இருந்திருக்காது என்று இன்ஜினியர் இரவெல்லாம் தனக்குள் வாதாடிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் வாதத்தில் ஜெயித்தான். ஜெயித்த கையோடு, பேச்சு இருக்கு மாப்ள என்ற குரல் மறுபடி கேட்டது.

காலையில் உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து அவருக்கு எதிரே போய் நின்றாள். இன்னும் நர்ஸ் உடையை மாற்றியிருக்கவில்லை.

“உங்களைத்தான் கேக்கறேன். நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். உங்க சட்டை தெரியுது எனக்கு. கையக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க. தூக்கிட்டு ஓடி வரணும்னு தோணலையா?”

அத்தான் இரண்டு நாற்காலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதைப் பிரித்துக்கொண்டே, “பயமா இருந்துச்சு” என்றார்.

“என்ன பயம்?”

“வண்டிங்க வேகமா வருதுல்ல.”

“அவரு உயிரு போய்க்கிட்டிருக்கு. இவருக்கு வண்டியப் பாத்து பயமாம்.”

“விடுடி. அவன் என்னிக்கு சொந்த புத்தியில ஒரு காரியம் பண்ணியிருக்கான்?” என்றாள் மூலையிலிருந்து பெரியம்மா.

இன்ஜினியர் நிலைப்படியில் டீ டம்ளரோடு நின்றான். அத்தான் ஒரு முறை தன் பக்கம் திரும்பிப் பார்த்தால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தான். அவர் திரும்பவில்லை. டீயில் ஆடை படர்ந்தது.

அத்தான் வீட்டை ஒட்டியிருந்த மில்லுக்குள் போனபோது பின்னாலேயே போனான். மெஷினின் வாயில் துணி கட்டியிருந்தது. அரைத்துப் பாதியில் நின்ற மாவு தொட்டியில் அப்படியே கிடந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

“அத்தான், நான்தானே வேணாம்னேன். ஏன் சொல்லலை?”

அத்தான் தொட்டி விளிம்பில் ஒட்டியிருந்த மாவை விரலால் வழித்து உள்ளே தள்ளினார்.

“அவளுக்கு இப்ப திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும் மாப்ள. எனக்கு வாங்கிப் பழக்கம். நீ வாங்கினதில்ல.”

“நான் சொல்லிடறேன்.”

“சொல்லேன்.”

அவ்வளவுதான். வேண்டாம் என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அத்தான் மெஷினின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். வெளியே வண்டிகள் போகும் சத்தம் நிற்காமல் வந்தது. பிறகு யாரோ நேரமாகிறது என்று கூப்பிட்டார்கள்.

இப்போது சாலை விளிம்பில் எல்லோரும் அவன் வாயைப் பார்த்து நின்றார்கள். கம்பு தோளை அறுத்தது.

“தாண்டிடலாம்” என்றான்.

வெல்டர் முன்னால் இறங்கி ஒரு கையை உயர்த்தினார். ஒரு லாரி நின்றது. அதன் பக்கத்தில் பஸ் நின்றது. பின்னால் வந்த கார்களும் ஹாரன் அடிக்காமல் நின்றன. லாரிக்காரர் எஞ்சினையே அணைத்துவிட்டார். சுவரருகே போனதும் நாலு பேர் தாவி அந்தப் பக்கம் குதித்துக் கைகளை நீட்டினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து தூக்கினார்கள், அந்தப் பக்கத்தில் வாங்கினார்கள். அப்பா கனக்கவேயில்லை. அந்தப் பக்கத்து வண்டிகளும் அதற்குள் நின்றிருந்தன. ஒரு பீடி பாதி எரிந்து முடியும் முன் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார்.

ஆஸ்பத்திரி வாசல் வரை வருவேன் என்று பின்னாலேயே வந்திருந்த அக்காவை யாரோ கைகொடுத்துச் சுவரைத் தாண்டி இறக்கிவிட்டார்கள். அவள் திரும்பி நின்று கடையைப் பார்த்தாள். நின்றிருந்த வண்டிகளைப் பார்த்தாள். பிறகு தன் கணவரைப் பார்த்தாள்.

“இவ்ளோதானா” என்றாள்.

கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. அத்தான் உள்ளங்கையில் ஒட்டிய சிமெண்டுப் பொடியை வேட்டியில் துடைத்தார். தம்பி அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றான். வாயைத் திறந்தான். பின்னால் லாரி உறுமிக் கிளம்பியது.

“வழியை மறைக்காம முன்னால நடங்க” என்றான் தம்பி.

அதன் பிறகு நடந்தது இவ்வளவுதான். மாவு மில்லை ஒரு செல்ஃபோன் கடைக்காரர் வாடகைக்கு எடுத்தார்; மெஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. வெல்டர் நெடுஞ்சாலையிலேயே பெரிய பட்டறை போட்டு நன்றாக இருக்கிறார். பெரியம்மா அடுத்த வருஷம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அத்தானுக்கு, அவர் ஒரு காலத்தில் நூல் சுற்றிய அதே இடத்தில், கார் ஷோரூமில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அக்கா ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஆனாள். கணவருக்கு வேளாவேளைக்குச் சமைத்துப் போடுகிறாள்; அவசியத்துக்கு மேல் அவரிடம் பேசுவதில்லை. இன்ஜினியருக்குப் பதவி உயர்வு வந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறான், ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு. அக்கா முதலில் தம்பிக்குப் பரிமாறுகிறாள், கேட்காமலே இரண்டாம் முறையும் போடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அத்தான், தண்ணீர்ச் செம்பை அவன் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைக்கிறார்.