அம்மாவின் சம்பளம்

மே முதல் தேதிக்குள் ஏதாவது ஒரு கல்லூரிக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும். ஒன்பது நாள்தான் இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் அப்பா, காலை நடை ஓட்டி முடித்து வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு வந்தார். ஆறிப்போன சோள ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடியே இரண்டு கடிதங்களையும் மேசைமேல் விரித்தார். இரண்டுமே அடிமைக்காலம் முடிந்த கையோடு எங்கள் கறுப்பின ஜனங்களுக்காகத் தொடங்கிய கல்லூரிகள். அட்லாண்டாவில் இருந்தது தனியார் கல்லூரி. உதவித்தொகை போக, வருடத்துக்குப் பதினாலாயிரம் டாலர் கடன் வாங்க வேண்டும். இருபது மைல் தள்ளியிருந்த அரசுக் கல்லூரிக்குச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை.

“இங்க பத்துல நாலு பேருதான் படிச்சு முடிக்கிறாங்களாம். அட்லாண்டால ஏழு,” என்றார் அப்பா. “நீ அந்த நாலுல ஒருத்தியா இருந்துட்டுப் போயேன்.”

“ஏழுல ஒருத்தியா இருந்தா ஆகாதா?”

“இரு. நாப்பது வயசு வரைக்கும் கடனைக் கட்டிக்கிட்டே இரு.”

சிரிக்க வேண்டிய இடம். இருவருமே சிரிக்கவில்லை. பிப்ரவரியில் அம்மா இறந்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு இப்படித்தான் பாதியில் நின்றுவிடும்.

அவர் மதிய நடைக்குப் போனதும் அட்லாண்டாவுக்குப் போன் செய்தேன். உதவித்தொகைப் பிரிவில் பெட்டிஸ் என்ற பெண் பேசினார்.

“உங்க வீட்ல ரெண்டு சம்பளம்னு இருக்கேம்மா. அம்மா முதியோர் இல்லத்துல வேலைன்னு போட்டிருக்கு.”

“அவங்க தவறிட்டாங்க, மேடம்.”

“கண்ணு, அந்தச் சம்பளத்தை எடுத்துட்டா கணக்கே மாறும். இறப்புச் சான்றிதழ் அனுப்பு. வீட்டு நிலைமை எப்படி மாறிச்சுன்னு ஒரு பக்கம் எழுதி அனுப்பு.”

விண்ணப்பத்தில் இருந்தது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானம். அந்தத் தாளில் மட்டும் அம்மா இன்னும் இரண்டு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். வீட்டு நிலைமை மாறியதுபற்றி எழுத நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்பா இன்னும் மூன்று பேருக்குச் சமைக்கிறார் என்பதையெல்லாம் எழுத முடியுமா? ‘எங்கள் வீட்டில் இப்போது ஒரே சம்பளம்’ என்று எழுதினேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. சான்றிதழைப் பிரதி எடுத்துக்கொடுத்த பெண், “ஒண்ணு போதுமா?” என்றாள். போதும் என்றேன். கடையில் சோப்பு வாங்குகிற குரல்தான் எனக்கு வந்தது.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. கடன் ஐயாயிரமாகக் குறைந்திருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“ஒன்பதாயிரம் குறைச்சிட்டா உங்கம்மா,” என்றார்.

சொன்னபிறகுதான் அது அவர் காதில் விழுந்தது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“அட்லாண்டாவுக்கே போறியா?”

“போறேன்ப்பா.”

கல்லூரியின் இணையப் பக்கத்தில் சம்மதப் பொத்தானை அழுத்தினேன். திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. கல்லூரி பேண்டு வாத்தியம் முழங்கியது. சந்தோஷம் வரட்டும் என்று காத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்கு வரவேண்டிய தபாலுக்கு நான் காத்திருப்பது போலிருந்தது. இசை முடிந்து திரை முதல் பக்கத்துக்குத் திரும்பியது.

அப்பா ஈரத் துணியோடு வெளியே போனார். இந்தப் பருவத்தில் காதல் பூச்சிகள் ஜோடி ஜோடியாக ஒட்டியபடியே பறந்துவந்து வண்டிகளில் அடிபட்டுச் சாகும். பேருந்தின் முன்கண்ணாடியில் அவை கறுப்பாக அப்பியிருந்தன. அப்பா ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்த இடம் வெயிலில் உடனே காய்ந்தது.