தலை உள்ளே, வால் வெளியே

விடைத்தாள் திருத்தும் மையத்தில் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூளை ஓடத் தேவையில்லாதபடி விடைக்குறிப்பிலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். இருபத்தேழாம் கேள்வி: செல் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் அமைந்திருக்கும் விதத்தைப் படம் வரைந்து விளக்குக. ஐந்து மதிப்பெண்.

உயிரியல் டீச்சர் விடைக்குறிப்பைப் புரட்டினாள்; அதிலும் பாடப்புத்தகப் படமே இருந்தது. பாடப்புத்தகத்தில் அந்தப் படமே தப்பு. சவ்வுக் கொழுப்புக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கும் வால் இரண்டு. செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். ஆகவே கொழுப்பு இரு வரிசையாக நின்று, தலைகளை இரண்டு பக்கத் தண்ணீருக்கும் காட்டி, வால்களை நடுவில் ஒளித்துக்கொள்ளும். புத்தகத்திலோ தலைகள் நடுவில் கூடிக் கிசுகிசுக்க, வால்கள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. அப்படியொரு சவ்வு கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காது. புத்தகம் மூன்று வருடமாக நிற்கிறது.

வகுப்பில் டீச்சர் புத்தகப் படத்தையே வரைந்து காட்டினாள். பிள்ளைகளுக்கு மார்க் போய்விடக் கூடாதே. வீட்டில் மகளுக்கு மட்டும், கொண்டை ஊசிகளை மேசையில் இரு வரிசையாக அடுக்கி, வளைவு வெளியே, கால்கள் உள்ளே என்று உண்மையைச் சொன்னாள். பெற்ற பிள்ளையிடமாவது பொய் சொல்லவில்லை என்று ஒரு பெருமை. மகள் பரீட்சை முடிந்து வந்து, "நீ சொன்ன மாதிரியேதான் வரைஞ்சேம்மா" என்றாள். அவளுக்கு டாக்டர் படிப்பு வேண்டும். அங்கே அரை மார்க்குக்குள் ஆயிரம் பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

வீட்டில் பரீட்சை எழுதியவர் இருந்தால் திருத்த வரக் கூடாது என்பது விதி. இந்த ஒரு கேள்விக்காகவே டீச்சர், 'யாரும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

இப்போது தலைமைத் தேர்வாளரிடம் போக எழுந்தாள்.

"உக்காருங்க டீச்சர். உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சொல்லிடப் போறார்" என்றார் பக்கத்து மேசை சார்.

தலைமைத் தேர்வாளரே பாடநூல் குழுவுக்கும் தலைவர். அவர் ஒரு வரி மாற்றினால் எல்லா மையங்களிலும் விடைக்குறிப்பு மாறும். அவர் மேசையில் மூன்று பேனாக்கள் இருந்தன, மூன்றும் மூடியிருந்தன. டீச்சர் சொன்னதைக் கண்மூடிக் கேட்டார்.

"தலையை வெளிய நீட்டினா ஆபத்தும்மா. பஸ்ஸுலயே எழுதிப் போட்டிருக்கான். வால்தான் வெளிய இருக்கணும். எந்த மிருகத்துக்கு வால் உள்ள இருக்கு?"

"இது மிருகம் இல்ல சார், கொழுப்பு."

"மிருகத்துலதானே இருக்கு?"

டீச்சர் பாடப்புத்தகத்தை விரித்து அவர் முன் வைத்தாள்.

"புத்தகத்துல பன்னெண்டு பேர் கையெழுத்து இருக்கு டீச்சர். இங்க எத்தனை பேர் மாத்தி வரைஞ்சிருக்காங்க?"

டீச்சர் மேசை மேசையாகப் போய்க் கேட்டு வந்தாள். "ஆயிரத்து நூறு தாள்ல மூணு பேர் சார்."

"மூணு பேரைச் சரியாக்க, மத்த அத்தனை பேரையும் தப்பாக்கச் சொல்றீங்க."

"ரெண்டுக்கும் மார்க் போட்டுடலாமே சார்."

"போட்டா புத்தகம் தப்புன்னு ஆகிடும்." அவர் கண்ணைத் திறந்தார். "உங்க வீட்டுல யாராவது இந்த வருஷம் எழுதினாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் உங்களுக்கு என்ன வந்தது?"

டீச்சர் தன் மேசைக்குத் திரும்பினாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் பிள்ளைகளுக்கு அவள் ஊட்டிய பொய் ஐந்துக்கு ஐந்து வாங்கிக்கொண்டிருந்தது. விடைத்தாள் கட்டின் பதினான்காவது தாளில் தலைகள் தண்ணீரைப் பார்த்து நின்றன. யார் பெற்ற பிள்ளையோ, மகளின் கையெழுத்து இல்லை. சிவப்பு மையால் குறுக்கே கோடிழுத்துப் பூஜ்யம் போட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, அந்தக் கொழுப்புக் கேள்வி என்னாச்சு?"

"புத்தகத்துல இருக்கிறதை விட்டுட்டு உன்னை யாருடி மாத்தி வரையச் சொன்னது?"

மகள் அவளையே பார்த்தாள். "நீதாம்மா."

"வீட்டுல ஆயிரம் பேசுவோம். அதையெல்லாமா பரீட்சையில போய் எழுதுவாங்க?"