மதியப் பார்வையாளர்கள்

மெத்தைக்காரர் தன் கடைக்கு ஒரு வலைத்தளம் வைத்திருந்தார். கடை என்பது வீட்டின் பின்னறைதான். பகலில் நாற்காலித் தொழிற்சாலையில் வேலை. மாலையில் அந்த அறையில் கிழிந்த சோபாக்களுக்குப் புதுத் துணி மாற்றுவார். தொழிற்சாலையை விட்டுவிட்டு இதையே முழு நேரமாகச் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆசைக்கு ஒன்றும் குறைச்சலில்லை, வாடிக்கையாளர்கள்தான் குறைச்சல்.

தளத்தின் முகப்பில் ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். கீழே அவர் கைகட்டி நிற்கும் படம். மனைவியின் தம்பிக்கு இந்த மாதிரித் தளங்களைச் சீர்செய்வதே தொழில். பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

“மாமா, தரத்தை யாரு தேடப்போறா? கிழிசலைத்தான் தேடுவாங்க. பஞ்சு வெளிய வந்துருச்சு, பூனை பிராண்டிருச்சு, இப்படித்தான் போன்ல அடிப்பாங்க. அதை எழுதுங்க.”

“பூனை பிராண்டினதையெல்லாம் கடை வாசல்ல எழுதி வெக்கச் சொல்றியா?”

“எழுதினாத்தான் தேடுறவங்க கண்ணுல படும்.”

“இப்பவே நாமதான் முதல்ல வர்றோம். பாரு.” அவர் போனை நீட்டினார். உண்மைதான், அவருடைய கடைதான் முதலில் இருந்தது.

“அது உங்க போன், மாமா. தினமும் நீங்களே போய்ப் போய்ப் பாக்குறீங்க, உங்களுக்கு எது வேணும்னு அதுக்குத் தெரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வேற யார் போன்லயாவது தேடிப் பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. மனைவி பார்த்தாள். அவளுக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைக்காரியின் போனை வாங்கித் தேடினாள். ஊரிலுள்ள சோபாக் கடைகளெல்லாம் வந்தன, கட்டில் கடைகள் வந்தன, கார் இருக்கை தைப்பவர்கூட வந்தார். விரல் வலிக்கத் தள்ளிய பிறகுதான் கணவரின் கடை வந்தது. அவர்மேல் இரக்கமும் வந்தது, இதுகூடத் தெரியாமல் இருக்கிறாரே என்று கோபமும் வந்தது. ஆட்கள் வந்து நின்று படித்தால் பக்கம் மேலே ஏறும் என்று தம்பி எப்போதோ சொல்லியிருந்தான். அழுத்தி உள்ளே போய், கடைசி வரி வரை தள்ளிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் இன்னொருத்தியின் போனை வாங்கினாள், அதற்கடுத்த நாள் இரண்டு பேருடையதை.

வீட்டில் மெத்தைக்காரர் முறுக்கை விட்டு இறங்கிவந்தார். பூனையைப் பற்றி எழுதினார். மந்திரம் போய் முகவரியும் போன் நம்பரும் வேலை நேரமும் வந்தன; கைகட்டிய படம் போய், ஒரே சோபா கிழிந்தும் புதுசாகவும் இருக்கும் இரண்டு படங்கள் வந்தன. எத்தனை பேர் தளத்துக்கு வருகிறார்கள் என்று காட்டும் வரைபடக் கோட்டைப் பார்க்கவும் மச்சினன் சொல்லிக்கொடுத்தான். கோடு ஏறியது. தினமும் மாலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மெத்தைக்காரர் சட்டையையே கழற்றினார்.

போன் மட்டும் அடிக்கவில்லை. “யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே,” என்றார். கோடு இன்னும் ஏறியது. ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, மறுநாள் காலையில் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிடப் போவதாக அறிவித்தார். மச்சினனும் அன்று வந்திருந்தான். மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

மச்சினன் மடிக்கணினியில் அந்தக் கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மோவாயைச் சொறிந்தான்.

“மாமா, எல்லாரும் மதியந்தான் வர்றாங்க.”

“மதியந்தானே ஜனங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு.”

“சனி, ஞாயிறு யாருமே வரலையே.”

“லீவு நாள்ல யாரு சோபாவைப் பத்தி யோசிப்பா?”

“லீவு நாள்லதான் மாமா சோபாவுல உக்காருவாங்க. வர்றவங்க எல்லாரும் கடைசி வரி வரைக்கும் போறாங்க. நம்பரை மட்டும் ஒருத்தர்கூடத் தொடலை.”

மனைவி குழாயை மூடினாள். “அது நான்தான்,” என்றாள். திரும்பவில்லை. “ஆபீஸ்ல ஆளாளுக்குப் போனை வாங்கி நான்தான் பாத்தேன். மேல ஏறட்டும்னு பாத்தேன். நீங்க வேலையை விடுற அளவுக்குப் போவீங்கன்னு நினைக்கலை.”

மச்சினன் கணினியை மூடினான். மெத்தைக்காரர் கோபப்படுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்தார், காய்ந்த இடத்தையும் சேர்த்துத் துடைத்தார்.

“போனை எதுக்குக் கேக்குறேன்னு கேட்டிருப்பாங்களே. யாரு கடைன்னு சொன்ன?”

“தெரிஞ்சவங்க கடைன்னு.”

“தெரிஞ்சவங்க.”

“வீட்டுக்காரர் கடைன்னு சொன்னா, பாவமேன்னு வேலை குடுப்பாங்க. உங்களுக்கு அது பிடிக்காதுன்னுதான் சொல்லலை.”

அவர் துணியைப் பிழிந்து காயப்போட்டார். “சொல்லியிருக்கலாம்,” என்றார். “பாவம் பாத்தாவது ஒருத்தர் ஒரு நாற்காலியைக் குடுத்திருப்பாங்க.”

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போனார். வாசலில் நின்ற மேற்பார்வையாளருக்கு வணக்கம் மட்டும் சொன்னார்.