நூறு சதவீதம் தமிழ்

பெங்களூர் அல்சூர்க் கடைத்தெருவில் புடவை விற்ற குடும்பம் எங்களுடையது. கறைபட்ட பக்கத்தை உள்மடிப்பில் வைத்து அடுக்க எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரியும். அதே வித்தைக்கு இப்போது ஐ.டி. கம்பெனியில் சம்பளம் தருகிறார்கள்.

ஓர் அறக்கட்டளையின் மாணவியர் விடுதிகளுக்கு விண்ணப்பத் தளம் செய்துகொண்டிருந்தோம். திரையில் வரும் செய்திகள் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. எக்செல் தாளில் ஆங்கிலம் ஒரு பத்தி, பக்கத்தில் தமிழ் ஒரு பத்தி. தமிழ் காலியாக இருந்தால் தளம் தானாக ஆங்கிலத்தைக் காட்டும். ஒன்பது கட்டங்கள் காலி. இவை எந்தத் திரையில் வரும் என்று மொழிபெயர்ப்பாளர் இரண்டு முறை மெயிலில் கேட்டிருந்தார். பதில் எழுத எங்களுக்கு நேரமில்லை.

மேனேஜர் ஸ்னேஹா மறுநாள் அறக்கட்டளைக்காரர்களிடம் நூறு சதவீதம் காட்டியாக வேண்டும். தொண்ணூற்றேழு என்றால் விலையில் கை வைப்பார்கள் என்றாள். பேரம் எனக்குத் தெரியாததா? காலிக் கட்டங்களுக்கு மேலே, 'விண்ணப்பம் கிடைத்தது. நீங்கள் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை' என்று இருந்தது. அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அதே வாக்கியத்தால் ஒன்பதும் நிரம்பின. அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டேன். எங்கள் தொழிலில் அப்புறம் என்பது காலண்டரில் இல்லாத நாள்.

எங்கள் கட்டடத்துக் காவலாளி அய்யாவு, பொம்மனஹள்ளிக்காரர். கைபேசியில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம் நீட்டிப் படிக்கச் சொல்வார். மகள் வைஷ்ணவிக்கு மைசூரில் நர்சிங் இடம் கிடைத்திருந்தது. விடுதி கிடைத்தால்தான் அனுப்ப முடியும். எங்கள் தளத்தை நான்தான் பெருமையாகக் காட்டினேன். தமிழைப் பார்த்ததும், இனி உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சிரித்தார். தினமும் டியூட்டியில் உட்கார்ந்தபடி திறந்து பார்த்துக்கொள்வார்.

ஜூலையில் பட்டியல் வந்தது. வைஷ்ணவியின் பெயர் இல்லை.

கைபேசியை வாங்கிப் பார்த்தேன். வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை என்றது திரை. ஆங்கிலத்துக்கு மாற்றினேன்: வருமானச் சான்றிதழ் தெளிவாக இல்லை, ஜூன் இருபதாம் தேதிக்குள் மீண்டும் அனுப்பவும். நான் இழுத்த ஒன்பதில் அது மூன்றாவது.

"இங்கிலீஷ்ல வந்திருந்தா அன்னிக்கே உங்ககிட்ட காட்டியிருப்பேன் சார்" என்றார் அய்யாவு. "தமிழ்ல வந்துச்சு. நமக்குத்தான் தெரியுமேன்னு விட்டுட்டேன்."

அறக்கட்டளைக்கு ஃபோன் செய்தேன். இடம் நிரம்பிவிட்டது. இதைப் பற்றி மெயிலில் எதுவும் எழுதாதே என்றாள் ஸ்னேஹா. ஒன்பதையும் அன்றே திருத்தினேன். அரை மணி நேர வேலை. அய்யாவுவிடம் சிஸ்டம் கோளாறு என்றேன். உள்மடிப்பு கலையவில்லை.

வைஷ்ணவி இப்போது ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். நேற்று அய்யாவு பாங்கிலிருந்து தமிழில் வந்த ஒரு செய்தியை எழுத்து பிசகாமல் எனக்கே சத்தமாக வாசித்துக் காட்டினார். பிறகு கைபேசியை நீட்டினார்.

"நீங்க ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க சார். நீங்க சொன்னாத்தான் நம்பிக்கை."