கிழக்குக் கரைக் கிணறுகள்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. தொண்ணூற்றொன்றில் தாம்பரத்தில் ஒரு கருத்தரங்கு. தேநீர் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் ஜியாலஜி, மற்றவர் சமூகவியல்.

"உங்க டேட்டா இல்லேன்னா என் சாப்டரே இல்ல சார்" என்றார் ஒருவர்.

"அட, நான் உங்களைப் பத்தி அதையேதான் சொல்லிட்டிருந்தேன்" என்றார் மற்றவர்.

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொள்பவர்களைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும், பிறவிக் கோளாறு. அந்த இரண்டு வரிகளைத் தவிர இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரைவு: "பீர்க்கன்கரணையைத் தாண்டினால் வரும் அந்த ஏரி காலை வெயிலில் தகதகவென்று

(வேண்டாம். எழுதுகிறவன் ஏரியை வர்ணிக்கத் தொடங்கினால் கரையில் எதையோ மறைக்கிறான்.)

இரண்டாம் வரைவு: தையல்நாயகி ஆய்வு மாணவி. ஏரியின் மேற்குக் கரையில் அவளுக்குச் சொந்த வீடு. அப்பா சம்பந்தம் ஒரு காலத்தில் அங்கே நெல் போட்ட நிலத்தை மனை போட்டு விற்றவர். அவள் சேர்ந்திருந்தது கல்லூரியில் புதிதாகத் தொடங்கிய சுற்றுச்சூழல் மையம். பல துறைக்காரர்கள் ஒரே கேள்விக்குச் சேர்ந்து விடை தேடுவார்கள் என்பது அதன் பெருமை. அதனால் அவளுக்கு இரண்டு கைடு: லக்ஷ்மிநாராயணன் ஜியாலஜி, ஏகநாதன் சமூகவியல். மையத்துக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கோட்பாடு இருந்தது. கரையோரம் நெருக்கமாகக் குடியேறுகிறவர்களால்தான் நிலத்தடி நீர் கெடுகிறது. சுவரில் படமாகவே வரைந்து மாட்டியிருந்தார்கள். மாட்டிய பிறகு அதை யார் கேள்வி கேட்பது?

மையத்தின் கூட்டறிக்கை அரசாங்கத்துக்குப் போகவிருந்தது. கிழக்குக் கரையில் உள்ள ஓட்டு வீடுகளைக் காலி செய்து, மறைமலை நகருக்கும் அப்பால் இடம் கொடுக்கலாம் என்பது பரிந்துரை. அந்த அறிக்கையின் கடைசி அத்தியாயந்தான் தையல்நாயகியின் முனைவர் பட்ட ஆய்வு.

3

தட்டச்சுப் பிரதியைச் சரிபார்க்கும்போதுதான் அவளுக்கு நெருடியது. தண்ணீர் மாதிரி எடுத்த கிணறுகள் எல்லாமே கிழக்குக் கரை. ஒன்றுகூட மேற்கு இல்லை.

லக்ஷ்மிநாராயணனிடம் போனாள். "ஏன் சார் அந்தப் பக்கம் மட்டும்?"

"ஜன நெருக்கம் அங்கதான்னு ஏகநாதன் சர்வேல இருக்கேம்மா. அங்கதானே பார்க்கணும்."

ஏகநாதனிடம் போனாள். "உங்க சர்வேயும் கிழக்கு மட்டுந்தான் சார். ஏன்?"

"தண்ணி கெட்டது அங்கதான்னு ஜியாலஜில சொல்லிட்டாங்களே. நான் போய் மேற்குல என்னத்தக் கேக்கறது?"

இவரை நம்பி அவர், அவரை நம்பி இவர். உன்னாலே நான் கெட்டேன், என்னாலே நீ கெட்டாய் என்கிற கதைதான். ஆனால் யாரும் கெடவில்லை. இரண்டு பேருக்கும் பதவி உயர்வு வந்தது. கெடப்போகிறவர்கள் கிழக்குக் கரையில் இருந்தார்கள்.

(முந்தைய வரைவில் லக்ஷ்மிநாராயணனுக்கு மேற்குக் கரையில் ஒரு மனை வாங்கிக் கொடுத்திருந்தேன். கதை சுலபமாகிவிட்டது: வில்லன் கிடைத்துவிட்டான், நீங்களும் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். அதனால் மனையைப் பிடுங்கிவிட்டேன். அவர் சேலையூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். யோக்கியர்.)

4

தையல்நாயகி தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தாள். அக்கம்பக்கத்துக் கிணறுகளிலிருந்தும் எடுத்தாள். மேற்குக் கரையில் கழிவுத்தொட்டியும் கிணறும் ஒரே மனைக்குள் தோளோடு தோள் நிற்பதை அன்றுதான் உட்கார்ந்து பார்த்தாள். ஆய்வகத்தில் சோதித்தபோது, கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் நைட்ரேட் கிழக்குக்குச் சளைக்காமல் இருந்தது.

முடிவை இரண்டு பேரிடமும் கொண்டுபோனாள். கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தாள். கோபிக்கவில்லை, அதுதான் மோசம்.

"இண்ட்ரஸ்டிங். ஆனா எந்தப் பக்கம் பார்க்கணும்ங்கறது சோஷியாலஜி முடிவும்மா. அவர் துறைல நான் கை வைக்கக் கூடாது" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"தண்ணி விஷயம் ஜியாலஜி. நான் மூக்கை நுழைச்சா நல்லா இருக்காது*" என்றார் ஏகநாதன். பிறகு தணிந்த குரலில், "திருப்பிப் பண்ணணும்னா உன் சினாப்சிஸ்லேர்ந்து ஆரம்பிக்கணும். யோசிச்சுக்கோ. ரெண்டு கையெழுத்தும் ரெடியா இருக்கு."

* பிறர் துறையில் கேள்வி கேட்காமலிருப்பதை அந்த மையத்தில் பண்பு என்றார்கள். சம்பந்தி வீட்டுச் சமையலில் உப்பில்லை என்று யாரும் சொல்வதில்லை, அந்த மாதிரி.

5

இப்போது எனக்குத் தையல்நாயகி மேலேயே சந்தேகம். ஆய்வு தொடங்கி இத்தனை காலம் கழித்தா இவளுக்கு மேற்குக் கரை கண்ணில் பட்டது? அங்கேயே குளித்து, அங்கேயே குடித்து வளர்ந்தவள். உண்மையைச் சொன்னால் பட்டம் தள்ளிப்போகும். கூடவே அப்பா இன்னும் விற்காமல் வைத்திருக்கும் மனைகளும் விலைபோகாது. இவள் நல்லவளாக இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆசைப்படுவதாலேயே இவளை நம்பப் பயமாயிருக்கிறது.

முடிவு அ: கருத்தரங்கில் எழுந்து உண்மையைச் சொல்கிறாள். அரங்கம் எழுந்து நின்று கை

(அப்படி ஓர் அரங்கத்தை நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: வாயை மூடிக்கொள்கிறாள். பட்டம், வேலை, கல்யாணம். நடக்கக்கூடியதுதான். எழுத எனக்குத்தான் மனசு வரவில்லை.

முடிவு இ: மேற்குக் கரை எண்களைப் பொடி எழுத்தில் அடிக்குறிப்பாகப் போடுகிறாள். சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு. அவள் இடத்தில் நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். அதனாலேயே இதை அடித்துவிட்டேன்.

6

எழுதியதைத் திரும்பப் படித்தேன். கிழக்குக் கரையைப் பற்றி ஒரு முழுக் கதை எழுதியிருக்கிறேன், கிழக்குக் கரைக்காரர் ஒருவர்கூட இதில் வாய் திறக்கவில்லை. பேராசிரியர்கள் காட்டிய பக்கம் தையல்நாயகி போனாள், தையல்நாயகி காட்டிய பக்கம் நான் போனேன். என்னை நம்பி நீங்கள் வந்துவிட்டீர்கள்.

ஆகவே, தாமதமாக, சரசு. மேற்குக் கரை வீடுகளில் வேலை செய்பவள். அந்த ஓட்டு வீடுகளில் ஒன்று அவளுடையது. அறிக்கை போகிற அன்று காலை, கேம்ப் ரோடு பஸ் நிறுத்தத்தில், கையெழுத்தான பிரதியும் பையுமாக நிற்கும் தையல்நாயகியைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, காலேஜுக்கா?"

"ஆமா சரசு."

"எங்க தண்ணி கெட்டுப் பூட்ச்சாம், எங்களாலதானாம். காலி பண்ணச் சொல்வாங்கன்னு பேசிக்கிறாங்க. மெய்யாலுமா?"

தையல்நாயகி பஸ் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. நான் அனுப்பவில்லை.

"சரி, எங்க தண்ணி கெட்டுத்தான் கீதுன்னே வச்சுக்க" என்றாள் சரசு. குரலில் சண்டை இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. "உங்க வூட்டுத் தண்ணி எப்பிடிக் கீது?"

தையல்நாயகி பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், அந்த வியாபாரம் போதும். பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: உங்கள் வீடு எந்தக் கரையில் இருக்கிறது?